கம்பவுண்டர் படத்தின் கடைசி ரீல்

கொலைப் படம் பிடிக்கும் என்று நம் வயதில் ஒருத்தி சொன்னால் ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கிறது. பேரப்பிள்ளைகள் வந்து, "பழைய படத்தில் நல்லதாக ஒன்று சொல்லுங்களேன்" என்று கேட்டால், நீங்கள் எல்லாரும் புராணப் படங்களாக அடுக்குகிறீர்கள். திரையில் சாமி தோன்றியதும் கன்னத்தில் போட்டுக்கொண்ட படங்கள். தப்பில்லை, நானும் போட்டுக்கொண்டேன். ஆனால் அதே கொட்டகையில், அதே மணலில் உட்கார்ந்து, நகத்தைக் கடித்துக்கொண்டு நாம் பார்த்த மர்மப் படங்களை ஏன் ஒருவரும் வாயில் எடுப்பதில்லை?

ஆகவே நான் எடுக்கிறேன். வீணையின் குடத்துக்குள் வைரத்தை ஒளித்து வைத்துக் கச்சேரி நடக்கும்போதே கடத்துகிற படம் ஒன்று இருந்தது. பாட்டெல்லாம் சுமார்தான். ஆனால் அந்த வீணை மேடையை விட்டு இறங்கும் வரைக்கும் மூச்சு விட முடியாது. இன்னொன்றில் கொலையைப் பார்த்த ஒரே சாட்சி ஓர் ஊமை வேலைக்காரி. அவள் வாசலில் கோலம் போட்டே ஆளைக் காட்டிக்கொடுப்பாள். இரண்டும் வந்த சுவடு தெரியாமல் போன படங்கள். கிடைத்தால் பாருங்கள். கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு படம் உண்டு. அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்கள் ஊருக்கு வந்த படப்பெட்டியில் பெயர் போடும் பகுதி தேய்ந்துபோய், அடைமழை பெய்கிற மாதிரி கோடு கோடாக ஓடிவிடும். எங்கள் ஊரில் அதைக் கம்பவுண்டர் படம் என்றார்கள். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் என் அத்தையின் கல்யாணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டும் எனக்கு இன்றுவரை பிரிந்து வருவதில்லை. எது எங்கே முடிந்தது, எது எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால் தலைதான் சுற்றுகிறது.

யுத்தம் முடிந்திருந்த சமயம். திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. மலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தெலுங்கில் வேண்டிக்கொள்வார்கள், பாதிப் பேர் தமிழில். முருகனுக்கு இரண்டும் பழக்கம். எங்களுக்கும் அப்படித்தான். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

அந்த வருஷம் தை அறுவடை முடிந்ததும், அரக்கோணம் ரோட்டோரம் இருந்த எங்கள் கழனியில் ஒரு டூரிங் டாக்கீஸ் வந்து இறங்கியது. கூடாரத்துணி, மூங்கில், ஆயில் எஞ்சின், சத்தம் போடும் ஒரு குழாய் ரேடியோ, எல்லாம் நாலு மாட்டு வண்டியில் வந்தன. நிலம் எங்களுடையது என்பதால் எங்கள் வீட்டுக்கு டிக்கெட் கிடையாது. என் வயதுப் பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்துப் பொருமினார்கள். நானும் குறைச்சலாக அலட்டிக்கொள்ளவில்லை.

பொழுது சாய்ந்ததும் குழாயில் முருகன் பாட்டு போடுவார்கள். அது கேட்டால் டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். அம்மா அடுப்பை அணைப்பாள், அத்தை தலையை ஒரு தரம் வாரிக்கொள்வாள், நாங்கள் கழனி வரப்பு வழியாகவே போய் உட்கார்ந்துவிடுவோம். நடுவில் ஒரு ஓலைத் தட்டி. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். மெஷின் ஒன்றுதான் என்பதால் ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போடுவார்கள். அடுத்த ரீல் மாட்டுவதற்குள் முறுக்குக்காரனும் சோடாக்காரனும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். மர்மப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. ஒவ்வொரு ரீலுக்கும் நடுவில் யார் மேல் சந்தேகம் என்று கொட்டகையே பேசிக்கொள்ளும். இப்போது வீட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைகளுக்கு அந்த ருசி தெரியாது.

அத்தை என்றால் நைனாவின் தங்கை. பதினேழு வயது. தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். வீட்டில் காப்பி போடுகிற வேலை அவளுடையது. அந்த மாசியில் அவளைப் பெண் பார்க்க ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை அங்கே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். டாக்டர் எழுதிக் கொடுக்கிற மருந்தைக் கலந்து, அளந்து கொடுக்கிறவர். எங்களுக்குத் தூரத்து உறவு. நிலம் நீச்சு கிடையாது, சர்க்கார் சம்பளம் மட்டும்தான்.

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற கரி பஸ்ஸில் வந்து இறங்கியதால் மூன்று பேர் மூஞ்சியிலும் புகை. அவரும், அவருடைய அம்மாவும், ஒரு மாமாவும். சர்க்கார் உத்தியோகஸ்தர் என்று அலமாரியிலிருந்து கண்ணாடி டம்ளரை எடுத்துக் கொடுத்தாள் அம்மா. அந்த டம்ளர் வெளியே வருவது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான். அத்தை தலையைக் குனிந்துகொண்டு காப்பியைக் கொண்டுபோய் நீட்டினாள். அவர் வலது கையால் வாங்கினார். உடனே குடிக்கவில்லை. டம்ளரைக் கண்ணுக்கு நேரே தூக்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து, எதையோ அளக்கிற மாதிரி பார்த்தார்.

"இன்னாடா இது, இங்கயுமா?" என்றாள் அவருடைய அம்மா.

அவருக்கு முகம் சிவந்துபோயிற்று. "பழக்கமாப் போச்சுங்க. அவுன்ஸு பார்த்துப் பார்த்து எதைக் கையில எடுத்தாலும் இப்படி ஆயிடுது," என்று நைனாவைப் பார்த்துச் சொன்னார்.

அவர்கள் போனபின் அத்தை டம்ளரைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "நம்ம வூட்ல எல்லாம் காப்பியை வாயில ஊத்திகினு எழுந்து போயிடுவாங்க பாப்பா. இத்தினி வருஷத்துல நான் போட்ட காப்பியைப் பார்த்தவரு இவரு ஒருத்தருதான்."

அத்தைக்கு அவரைப் பிடித்துவிட்டது. சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து டிகாக்ஷன் இறக்கும்போது அவளும் ஒரு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அடுத்த நல்ல நாளில் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்று நைனாவும் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த வாரம்தான் கம்பவுண்டர் படம் வந்தது. மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்துக்கொண்டு, ரோஸ் நிற நோட்டீஸ் வீசிக்கொண்டு போனார்கள். நோட்டீஸில் பாதிக் கதையை அச்சடித்து, ஜமீன்தாரைக் கொன்றது யார், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டிருந்தது. நான் ஓடிப்போய் ஒரு கை அள்ளி வந்தேன். அந்தக் காகிதத்தின் மை வாசனைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதில் படத்தின் பெயர் என்ன என்பது மட்டும் வர மாட்டேன் என்கிறது.

கதை இதுதான். ஒரு ஜமீன்தார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். சொத்துக்கு நாலு பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் ஒரு கம்பவுண்டர் வந்து மருந்து கொடுப்பார். ஒல்லியான, மீசை இல்லாத, அதிகம் பேசாத ஆள். கண்ணாடி அவுன்ஸ் கிளாஸில் மருந்தை ஊற்றி, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். திரை முழுக்க அந்தக் கிளாஸ். அடுத்த காட்சியில் ஜமீன்தார் செத்துக் கிடப்பார்.

முதல் தடவை அந்தக் கிளாஸ் மேலே போனபோது அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. "இன்னாடி இது, அப்படியே அவருமாதிரியே கீது," என்றாள்.

"அவன் லெப்ட்டுக் கையால புடிக்கிறான் அண்ணி. இவரு சோத்துக் கையாலதான் புடிச்சாரு," என்றாள் அத்தை.

தட்டிக்கு அந்தப் பக்கம் நைனா தொண்டையைக் கனைத்துக்கொள்வது கேட்டது.

சரி, கடைசியில் யார் கொன்றது என்று தெரிந்துவிட்டால் விஷயம் முடிந்துபோகும் என்று உட்கார்ந்திருந்தோம். கோர்ட்டில் விசாரணை ஆரம்பிக்கிற இடத்தில் விளக்கைப் போட்டார்கள். மேனேஜர் திரைக்கு முன்னால் வந்து நின்றார். வெள்ளை ஜிப்பா, வெற்றிலை வாய், கும்பிட்ட கை.

"பெரியவங்க மன்னிக்கணும். அரக்கோணத்துலேர்ந்து வரவேண்டிய கடைசி ரீலுப் பெட்டி வண்டி மாறிப் போயிடுச்சி. நாளைக்குக் கண்டிப்பா வந்துடும்," என்றார்.

மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வேறு படமாக இருந்தால் ஊர் கொட்டகையைப் பிரித்துப் போட்டிருக்கும். இதற்கு என்ன ஆயிற்றென்றால், கூட்டம் நாளுக்கு நாள் ஏறியது. இன்றைக்காவது வந்திருக்குமோ என்று ஒரு கும்பல். முதலிலிருந்து கவனமாகப் பார்த்துத் தானே கண்டுபிடித்துவிடலாம் என்று இன்னொரு கும்பல். மலைப்படிக்குக் கீழே பூக்கடையில், சலூனில், கிணற்றடியில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. பெரும்பாலானவர்கள் கம்பவுண்டர்தான் என்றார்கள். கையில் மருந்து இருப்பது அவனிடம்தானே?

அந்த நாட்களில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சிவப்பாக ஒரு மிக்சர் வாங்கி வந்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்கவே இல்லை. அதைக் கலந்தவனும் ஒரு கம்பவுண்டர்தானே? அத்தைதான் அதை ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என் கண்ணெதிரே தான் ஒரு வாய் குடித்தாள். கசப்பில் அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயில் மீதியை ஊற்றிவிட்டாள்.

நைனா என்ன நினைக்கிறார் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று சொன்னார். "கதை எழுதறவன் சும்மாவா எழுதுவான்? எங்கியோ ஒரு கம்பவுண்டரு பண்ணியிருக்கான். அதைப் பார்த்துதான் எழுதிகீறான்."

"அதுக்கும் நம்ம பையனுக்கும் இன்னாங்க சம்பந்தம்?" என்றாள் அம்மா.

"சம்பந்தம் இல்ல. ஆனா ஊரு பேசுது. கடைசி ரீலு வரட்டும். பார்த்துட்டுத் தாம்பூலம் மாத்திக்கலாம்."

இப்போது எழுதும்போது எனக்கே இது நம்பமுடியாமல் இருக்கிறது. ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தம் அரக்கோணத்தில் வண்டி மாறிப்போன ஒரு தகரப் பெட்டிக்காகக் காத்திருந்தது. ஆனால் அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை. நல்ல காரியத்துக்கு முன் நாலையும் பார்க்க வேண்டும் என்பார்கள் இல்லையா, அந்த நாலில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

இதற்கு நடுவில் கிருத்திகை வந்தது. மலைக்குக் காவடி எடுத்துச் சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் வந்துகொண்டிருந்தது. கம்பவுண்டரும் வந்தார். சாமி கும்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று பாதிப் படத்தில் கொட்டகைக்குள் நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்த தலை விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. எங்கள் வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் போனவர் என்பது ஊருக்கே தெரியும். நைனா எழுந்து தம் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். சோடாக்காரன் வந்தான். நைனா ஒரு சோடா வாங்கி அவர் கையில் கொடுத்தார். அவர் கோலியைத் தட்டிவிட்டு, பாட்டிலை அப்படியே விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அப்புறம் தரையிலிருந்து ஒருவன், "இன்னா கம்பவுண்டரே, ஜமீன்தாருக்கா?" என்று கேட்டான். அவ்வளவுதான். எஞ்சின் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு. ஆண்கள், பெண்கள், முறுக்குக்காரன் உட்பட எல்லாரும். நானும் சிரித்தேன். எட்டு ஒன்பது வயதில் எல்லாரும் சிரித்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

அவர் பாதியில் வந்தவர். ஜமீன்தார் செத்ததையே அவர் பார்க்கவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். பிறகு, மரியாதைக்காகத் தாமும் சிரித்தார். நைனா எழுந்து வெளியே போய்விட்டார்.

அத்தை தட்டியின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம் பாப்பா, எதுக்குன்னே தெரியாம அவரும் சிரிச்சிகினு கீறாரு," என்றாள். எனக்கு அதற்குமேல் சிரிக்க வரவில்லை.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே எங்கள் எல்லாரையும் மலைக்கு இழுத்துக்கொண்டு போனாள், பூ கட்டிப் பார்க்க. உங்களுக்குத் தெரியாததில்லை. ஓர் இலையில் வெள்ளைப் பூ, இன்னோர் இலையில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டிச் சந்நிதியில் வைத்து, விஷயம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் கொடுக்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். நான்தான் எடுத்தேன். நந்தியாவட்டை வந்தது. அம்மா அங்கேயே விழுந்து கும்பிட்டாள். அத்தை என் தலையைத் தடவினாள், என்னவோ நானே பூவை வெள்ளையாக்கிக் கொடுத்தது போல.

நைனா இறங்கும்போது படியில் ஓரிடத்தில் நின்றார். "சாமி சரின்னுடுச்சி. ஆனா அது கண்ணாலத்துக்குத்தானே? கொலைக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.

அம்மா கையிலிருந்த நந்தியாவட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நைனாவும் அவரும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்று வெகுநேரம் பேசினார்கள். மேனேஜருக்குக் கண்ணாடி டம்ளரில் காப்பி போயிற்று. அந்த டம்ளரைக் கேட்டு வாங்கியவர் நைனா. அத்தைதான் போட்டுக் கொடுத்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்றைக்கு இவ்வளவு குழப்பம் இருந்திருக்காது.

இரண்டொரு நாளில் மேளம் அடித்துக்கொண்டு வண்டி வந்தது. கடைசி ரீல் வந்துவிட்டதாம். அன்று சாயங்காலம் கொட்டகை கொள்ளவில்லை. கூடாரத்துணியைத் தூக்கிவிட்டு வெளியே கழனியிலும் ஆட்கள் நின்றார்கள்.

கடைசி ரீல் ஓடியது. கோர்ட். அதே கம்பவுண்டர் நடிகர்தான் கூண்டில் நின்றார். மீசை வைத்திருந்தார். நீதிபதி ஏதோ படித்தார். அதற்குள் படம் இரண்டு தடவை அறுந்தது. பிறகு ஜெயில். காவலாளி கொடுத்த தண்ணீர்க் குவளையை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். பிறகு தூக்குமேடை. கயிற்றின் நிழல் சுவரில் ஆடியது. கூட்டம் கைதட்டியது. விசில் பறந்தது. நாங்கள் அன்றைக்கே சொல்லவில்லையா என்று எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சொல்லிக்கொண்டார்கள்.

"அண்ணி, இது அந்தப் படம் இல்ல," என்றாள் அத்தை.

"கம்முனு உக்காரு," என்றாள் அம்மா.

அத்தை கம்மென்று உட்கார்ந்தாள், வீடு போகும் வரைக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் நைனாவுக்கு நேர் எதிரே போய் நின்றாள். அண்ணன் எதிரில் நின்று அவள் பேசி நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தரம்தான்.

"அது வேற படம்ண்ணா. அந்த ஆளு நடிச்ச வேற ஏதோ படத்துலேர்ந்து ஒரு ரீலைக் கொண்டாந்து ஓட்டிட்டாங்க. மொதல்லேர்ந்து அவனுக்கு எல்லாமே லெப்ட்டுக் கை. இதுல சோத்துக் கையால குவளையை வாங்கிக் குடிக்கிறான். மீசை வேற வந்துடுச்சி."

"ஜெயில்ல கெடந்தா மீசை வளராதா?"

"கை மாறுமாண்ணா? தண்ணியைத் தூக்கிப் பார்க்கவும் இல்ல. வாங்கினான், குடிச்சான். அவன் பார்க்காம குடிக்கமாட்டான்."

நைனா மெதுவாகத்தான் கேட்டார். "எவனோ சினிமாக்காரனுக்கு இத்தினி பரிஞ்சு பேசறியே, இது யாருக்காகம்மா?"

அத்தைக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறிவிட்டது. கல்யாணமாகாத பெண்ணிடம் அண்ணன் அப்படிக் கேட்டுவிட்டால் அதற்கு மேல் என்ன பேசமுடியும்? உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. சரியாகச் சொன்னதே அவளுக்கு எதிராகப் போயிற்று. அதை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆர்.கே.பேட்டைக்குச் சொல்லி அனுப்பினார்கள். வைகாசியில் அத்தைக்குத் திருவாலங்காட்டில் கல்யாணம். நெல்லும் கரும்புமாக நஞ்சை வைத்திருந்த குடும்பம். மாமா நல்ல மனிதர். நிலத்தைப் பற்றி மட்டும் பேசுவார். அத்தை கொடுக்கிற காப்பியை வாயில் ஊற்றிக்கொண்டு கழனிக்குப் போய்விடுவார். கம்பவுண்டர் சித்தூர்ப் பக்கம் மாற்றலாகிப் போனார் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

இப்போது நான் உங்களிடம் கேட்பது இதுதான். நீங்களும் நாலு மர்மப் படம் பார்த்தவர்கள். நைனா அந்த ரீலை உண்மையாகவே நம்பினாரா? திருவாலங்காட்டு வரன் அதற்கு முன்பே வந்திருந்ததா, பின்னால் வந்ததா? அம்மா ஒரு தரம் முன்பே என்பாள், ஒரு தரம் பின்னால் என்பாள். அவளுடைய கடைசிக் காலத்தில் ஒருநாள் நான் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, "அந்த வருஷம் மட்டும் கொட்டகையைச் சித்திரை முழுக்க நம்ம கழனியிலேயே உட்டு வெச்சாரு உங்க நைனா. வேற எந்த வருஷமும் உட்டதில்ல," என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "அர்த்தமெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? சொன்னேன்," என்று எழுந்து போய்விட்டாள்.

மேனேஜரிடம் நைனாவே அப்படி ஒரு ரீலைக் கேட்டு வாங்கினாரா? இல்லை, கூட்டத்துக்குப் பயந்து மேனேஜர் தாமாகவே எதையோ கொண்டுவந்து ஓட்டிவிட்டு, நிலத்துக்காரரிடம் முன்கூட்டிச் சொல்ல மட்டும் வந்தாரா? நைனா தங்கையை உயிராக வளர்த்தவர். சோறும் நிலமும் உள்ள இடத்தில் அவள் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கலாம். அதை நேரே சொல்லியிருந்தால் அத்தை மறுபேச்சு பேசியிருக்கமாட்டாள். எதற்காக ஒரு ஆளைத் தூக்கில் போட்டுக் காட்ட வேண்டும்? எனக்கு விளங்கவில்லை. நைனாவிடம் கேட்கத் தைரியம் வந்தபோது அவர் இல்லை.

நான் கல்யாணமாகி மதராஸுக்குப் போன பிறகு, வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு எதையோ பார்க்க உட்கார்ந்தேன். வாசலில் வேறு படத்தின் போஸ்டர்தான் இருந்தது; இதிலும் பெயர் போடும் பகுதி அறுந்துபோயிருக்க, விளக்கை அணைத்ததும் ஒரு ஜமீன் வீடு. படுத்த படுக்கையாக ஒரு ஜமீன்தார். சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு அந்த மீசையில்லாத ஆள் வந்தார். இடது கையால் கிளாஸைத் தூக்கினார். பின்வரிசையில் உட்கார்ந்து நான் அழ ஆரம்பித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் என்ன ஏதென்று பதறிப்போனார்.

அன்று கடைசி ரீலும் ஓடியது, சரியான ரீல். மீசை இல்லை, ஜெயில் இல்லை, கயிறு இல்லை. கொன்றது கம்பவுண்டர் இல்லை. யார் என்று சொல்லமாட்டேன். பார்க்கப் போகிறவர்களிடம் அதைச் சொல்வது பாவம். ஒன்று மட்டும் சொல்கிறேன், கொன்றவனை நீங்கள் ஒவ்வொரு ரீலிலும் பார்ப்பீர்கள், ஒரு ரீலிலும் சந்தேகப்படமாட்டீர்கள். அந்தக் காலத்தில் இவ்வளவு அடக்கமாக, வசனத்தைக் கொட்டாமல் ஒரு கொலைப் படம் எடுத்திருக்கிறார்கள் என்பதே அதிசயம். அன்றைக்குத் தியேட்டரில் எங்களோடு சேர்த்துப் பத்துப் பேர்கூட இல்லை. தேடிப் பிடித்துப் பாருங்கள்.

அடுத்த வாரமே ரயிலேறித் திருவாலங்காடு போனேன். அத்தை பின்கட்டில் முறத்தை வைத்துக்கொண்டு புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தன. மாமா கழனியில். எனக்கு மூச்சு வாங்கியது.

"அத்த, அந்தக் கம்பவுண்டர் படம் முழுசாப் பார்த்துட்டேன். நீ சொன்னதுதான் நெசம். அன்னிக்கு ஓட்டினது வேற படம். அவரு கொலை பண்ணவே இல்ல."

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. யார் கொன்றது என்றும் கேட்கவில்லை. ஒரு புளியை எடுத்துக் கொட்டையை நீக்கி, நாரை இழுத்துப் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"கடைசியில அவரு யாரைக் கட்டிக்கினாரு?" என்றாள்.

"யாரையும் இல்ல அத்த. கோர்ட்டுல உட்டுடறாங்க. பெட்டியை எடுத்துகினு ரயில்ல ஏறிப் போறாரு. அதோட முடிஞ்சிடுது."

அத்தை தலையை ஆட்டினாள். முறத்திலிருந்த புளியை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அப்போ இன்னும் ஒரு ரீலு இருக்கும் பாப்பா," என்றாள். "ஒனக்கும் காட்டாம உட்டுட்டாங்க."